வெட்டிய ஸ்பிரிங்குக்கும் வாங்கிய ஸ்பிரிங்குக்கும் ஒரே தண்டனையா?

காரின் உயரத்தைக் குறைக்க எங்கள் கோயம்புத்தூரில் மூன்று வழி உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டிங் வீலை வைத்து ஒரு சுற்றை அறுத்துவிட்டுத் திரும்ப மாட்டலாம்; கூலியோடு சேர்த்து இரண்டு மூவாயிரத்தில் வேலை முடிந்துவிடும். அதுவும் அதிகம் என்பவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றாமலேயே கேஸ் டார்ச்சைப் பிடித்துக் காய்ச்சச் சொல்வார்கள். கம்பி சிவக்கச் சிவக்க வண்டி தன் பாரத்துக்குத் தானே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது வழி, அந்த மாடலுக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த குட்டை ஸ்பிரிங் நான்கை வாங்கி மாட்டுவது. விலை ஐந்திலக்கத்தில் நிற்கும்.

முதல் இரண்டும் ஆளைக் கொல்லக்கூடிய வேலை. மூன்றாவது, ஒழுங்காகச் செய்தால், பொறியியல். ஆனால் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டுகிற பிரேக் இன்ஸ்பெக்டரின் கையில் இருக்கிற சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அறுத்தாலும் அதே, ஜெர்மனியிலிருந்து வரவழைத்து மாட்டினாலும் அதே. தண்டனை ஒன்றுதான் என்றால், காசு குறைவாக வைத்திருக்கிற பையன் எந்த வழியில் போவான்? சட்டமே அவனை டார்ச் பக்கம் தள்ளிவிடுகிறது என்பதுதான் என் புகார்.

நான் சஸ்பென்ஷனும் வீல் அலைன்மென்டும் பார்க்கிற பட்டறைக்காரன். கணபதி பக்கம் பட்டறை. கார்ப் பைத்தியம் இந்த ஊருக்குப் புதிதல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் காரைக் கட்டிக் காட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-இல் அவர் போன பிறகும், செட்டிபாளையத்து ரேஸ் டிராக் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறது. அதனால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு வண்டியைத் தரையோடு தரையாகப் பார்க்க ஆசை வருவதை நான் ஒரு குற்றமாக நினைப்பதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஸ்விஃப்ட், போலோ, ஹோண்டா சிட்டி வைத்திருப்பவர்கள். செகண்ட்ஹேண்டில் வாங்கி மாதாமாதம் தவணை கட்டுகிறவர்கள். கேட்பதும் எல்லாரும் ஒரே மாதிரிதான்: "அண்ணா, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இந்தக் கேப்பு தெரியக் கூடாதுங்ணா. செலவு கம்மியா வர்ற மாதிரி பாத்துப் பண்ணிக் குடுங்ணா."

ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் இப்போது குட்டை ஸ்பிரிங் மாட்டித் தருவதில்லை. டிராக்குக்கு மட்டும் போகிற வண்டி என்றால் செய்வேன். மற்றபடி என் பட்டறையில் நடப்பது வேறு வேலை: எங்கேயோ அறுத்துக்கொண்டு வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டுவது. அனுமதி வந்தால் எனக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பதை மறைக்கவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

அப்படி வந்த ஒரு ஸ்விஃப்ட்டின் முன்பக்க ஸ்டிரட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் 'டங்' என்று ஒரு சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார்கள். ஜாக்கி போட்டு வீலைத் தொங்கவிட்டதுமே காரணம் தெரிந்துவிட்டது: ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துச் சுற்ற முடிந்தது. வேறு எந்த வண்டியிலாவது அப்படிச் செய்து பாருங்கள், அசையாது. வீல் எவ்வளவு கீழே தொங்கினாலும் ஸ்பிரிங் இரண்டு தட்டுக்கும் நடுவில் கொஞ்சமாவது அமுங்கியேதான் இருக்கும். கம்ப்ரஸரைப் போட்டு இறுக்காமல் டாப் மவுன்ட் நட்டைத் திறந்தால் பாய்ந்து வந்து முகத்தைக் கிழித்துவிடும் என்று, வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறோம். இது கம்ப்ரஸர் இல்லாமலே கையோடு வந்தது.

மேஜை மேல் வைத்துப் பார்த்தால் கதை முழுக்க அந்தக் கம்பியிலேயே எழுதியிருந்தது. கம்பெனி ஸ்பிரிங்கின் கீழ் முனை, ஸ்டிரட் தட்டின் வளைவுக்குள் படிந்துபோய் அங்கே இருக்கிற ஒரு சின்ன மேட்டில் முட்டி நிற்கும். அறுத்த முனைக்கு அந்த வளைவு கிடையாது. தட்டின் மேல் ஒரே புள்ளியில் குத்திக்கொண்டு நின்றிருக்கிறது. நின்ற இடத்தில் பெயின்ட் போய், நகம் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். அறுத்த இடத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி நீலமும் பழுப்புமாக வெந்திருந்தது. கோட்டிங் உரிந்த இடத்தில் துரு பொரிந்திருந்தது. உள்ளே பம்ப் ஸ்டாப் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஷாக் ராடில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தது. ஒரு பள்ளத்தில் வீல் முழுதாகத் தொங்கி, அந்த ஸ்பிரிங் இருக்கிற இடத்திலிருந்து விலகி, திரும்ப ஏறும்போது டயர்ப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் மட்டும் நின்றால் போதும், உயரம் அப்படியே இருக்கட்டும் என்றார் வண்டிக்காரர்.

அறுப்பதில் இன்னொரு வினையும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, விறைத்தும் போகும். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். அதை யாரும் கணக்குப் போட்டு ஏற்றவில்லை. அறுத்தவர் கை எங்கே நின்றதோ அதுதான் கணக்கு. இடது பக்கம் ஒரு சுற்றும் வலது பக்கம் முக்காலே மூணு வீசமும் போயிருந்தால், பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காய்ச்சுவது இதைவிட மோசம். ஸ்பிரிங் கம்பி என்பது சிலிக்கானும் குரோமியமும் கலந்த உருக்கைச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி பதம் பார்த்து எடுத்தது. அந்தப் பதத்துக்குத்தான் காசு. டார்ச்சைக் காட்டி அதைச் சிவக்கவிட்ட இடத்தில் பதம் போய்விட்டது. இனி அது வளையும், திரும்பாது. இன்றைக்கு 30 மில்லிமீட்டர் இறங்கியது ஆறு மாதத்தில் எவ்வளவு இறங்கும் என்று காய்ச்சினவருக்கே தெரியாது.

வாங்குகிற ஸ்பிரிங்கில் அப்படி என்ன இருக்கிறது, அந்த விலைக்கு? விறைப்பைத் தீர்மானிப்பது மூன்று அளவு: கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. இதில் தடிமன்தான் ராஜா. நான்கு மடிப் பெருக்கத்தில் வேலை செய்யும். 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு இவ்வளவு என்றால் கம்பியை எவ்வளவு கணக்காக இழுக்க வேண்டும் என்று பாருங்கள். சுற்றி முடித்த ஸ்பிரிங்கின் மேல் குட்டி உருக்கு மணிகளை வேகமாக அடித்து மேல்தோலை இறுக்குவார்கள். வெடிப்பு மேல்தோலில்தான் தொடங்கும் என்பதால். பிறகு முழுதாக அமுக்கி விடுவார்கள், கொஞ்சம் தொய்ய வேண்டியது தொழிற்சாலையிலேயே தொய்ந்துவிடட்டும் என்று. அதற்கப்புறம்தான் கோட்டிங். வீல் முழுதாகத் தொங்கினாலும் ஸ்பிரிங் கழன்று ஆடாதபடி, மேல் சுற்றுகளை நெருக்கியும் கீழ்ச் சுற்றுகளை விரித்தும் வைப்பார்கள். நெருக்கமான சுற்றுகள் பாரம் ஏறியதும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து வேலையிலிருந்து விலகிக்கொள்ளும், வீல் தொங்கும்போது விரிந்து இடைவெளியை நிரப்பும். ஜெர்மனியில் ஃபின்னன்ட்ரோப்பில் 1951-இல் தொடங்கிய ஐபாக்கும், அடுத்த ஊரான லென்னஸ்டாட்டில் இருக்கிற எச் அண்ட் ஆர் கம்பெனியும் இந்தத் தொழிலில் பேர் வாங்கியவை. இரண்டு சின்ன ஊர்கள், உலகத்தில் பாதிக் கார்ப் பைத்தியங்களுக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம்.

இவ்வளவு சொன்னதால் நான் குட்டை ஸ்பிரிங்குக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல ஸ்பிரிங்கை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவரிடம் எனக்கு வேறு சண்டை இருக்கிறது.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். ஆட்டத்தை அடக்குவது ஷாக். விறைப்பு 30 சதவீதம் ஏறினால் அதே ஷாக்குக்கு அடக்கும் சக்தி ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்த மாதிரி ஆகிவிடும். புது ஷாக்காக இருந்தால் அந்த அளவுக்குத் தாக்குப் பிடிக்கும். ஐந்தாறு வருஷம் ஓடிக் களைத்துப்போன ஷாக்கின் மேல் புது விறைப்பு ஸ்பிரிங்கைப் போட்டால், வண்டி மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் தலையாட்டிக்கொண்டே போகும். பையன் ஸ்பிரிங்கைத் திட்டுவான். பாவம், அது என்ன செய்யும்? ஆகவே பட்ஜெட் என்று பேசினால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் டயர், அடுத்து ஷாக், டாப் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு. இவையெல்லாம் நன்றாக இருந்து, அதற்கு மேலும் காசு மிஞ்சினால் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மட்டும் காசு இருக்கிறது என்றால் அந்தக் காசில் ஷாக்கை மாற்றிவிட்டு வண்டியைக் கம்பெனி உயரத்திலேயே ஓட்டலாம். ஓட்டுவதில் தெரிகிற வித்தியாசம் தாழ்த்தியதைவிட அதிகமாக இருக்கும். இதைச் சொன்னால் வருகிறவர்கள் முகம் சுருங்கிப் போகும். ஷாக் வெளியே தெரியாதே.

மாட்டுகிற வேலையிலும் சில நுணுக்கம் உண்டு. வண்டி இறங்கினால் பம்ப் ஸ்டாப்புக்கும் ஷாக்குக்கும் நடுவில் இருக்கிற இடம் குறையும். ஸ்பிரிங் செய்தவர் சொன்ன அளவுக்குப் பம்ப் ஸ்டாப்பைக் குறைக்க வேண்டும், அல்லது அதற்கென்று வருகிற குட்டை ஸ்டாப்பைப் போட வேண்டும். லோயர் ஆர்ம் போல்டையும் பின் ஆக்சில் போல்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கிவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. தப்பு. வீல் தரையில் ஊன்றி, வண்டி தன் புது உயரத்தில் நிற்கும்போதுதான் இறுதி முடுக்கு முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நின்று, வருஷம் திரும்புவதற்குள் கிழிந்துவிடும். டோவும் கேம்பரும் மாறியிருக்கும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்று ஒரு சுவருக்கு நேரே நிறுத்திப் பார்ப்பது அஞ்சு நிமிஷ வேலை. செய்கிறவர்கள் குறைவு.

எவ்வளவு தாழ்த்தலாம்? 25, மிஞ்சினால் 30 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் தாழ்த்தியதன் நோக்கமே கெட்டுப்போகிற ஒரு விசித்திரம் நடக்கும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்டிரட்தான். வண்டி இறங்க இறங்க, லோயர் ஆர்ம் வெளிப்புறம் மேல் நோக்கிச் சாயத் தொடங்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றி உருள்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் பாரமையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கூடுவதால் வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை மறைப்பது விறைத்த ஸ்பிரிங்தான். ரேஸ் வண்டி கட்டுகிறவர்கள் இதற்காக பால் ஜாயின்ட்டின் இடத்தையே மாற்றுவார்கள். ரோட்டு வண்டிக்காரர் யார் அதெல்லாம் செய்யப் போகிறார்கள்? பத்தில் எட்டுப் பேர் தாழ்த்துவது பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான், அதில் தப்பும் இல்லை. கல்லாறு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

"நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி ஏட்டின்படி வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கிலோமீட்டரில் தாண்டுவதற்கு வரைந்தது. அப்படிப் போட்ட தடையின் மேல் 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஒரு ஸ்விஃப்ட் ஏறி நின்றால், நான்கு சக்கரத்துக்கும் நடுவில் மேடு நாலரை சென்டிமீட்டர்கூட எழும்பாது. 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 30 குறைத்தாலும் தட்டாது. தட்டுகிறது என்றால் அது பேராயத்தின் வேகத்தடை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் கவுன்சிலரும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி வைத்த கரை. அந்தக் கரையில் கம்பெனி உயரத்தில் இருக்கிற வண்டியே ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆயில் சேம்பரைத் தேய்த்துக்கொண்டுதான் போகிறது. ஜப்பானில் வாகனச் சோதனைக்குப் போகும் காருக்குத் தரை இடைவெளி 9 சென்டிமீட்டர் இருந்தாலே போதும். நம்மிடம் அந்த 9-ஐச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு கீழ் எல்லை, நம் ரோட்டுக்கு ஏற்றதாக, எண்ணாக எழுதி வைத்திருக்கலாம் அல்லவா?

எழுதி வைக்கவில்லை. அங்கேதான் சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி அதன் அமைப்பில் செய்கிற மாற்றமே மாற்றம் என்று விளக்கமும் தருகிறது. கேரள உயர் நீதிமன்றம் இதற்குக் கொடுத்திருந்த தளர்வான விளக்கத்தை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்போடு எனக்குப் பிணக்கு இல்லை. பஸ் பாடியையும் ஜீப் கூரையையும் அவரவர் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நாட்டில் யாராவது ஒருவர் அதட்டத்தான் வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய அரசு இதே பிரிவைக் காட்டிப் புல் பார்களை அகற்றச் சொன்னதும் சரியான காரியமே. ஆனால் ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நிறம், வீல்பேஸ், எடை, இருக்கைகள் எல்லாம் இருக்கும். வண்டியின் உயரம் எங்கே? 30 மில்லிமீட்டர் இறங்குவது 'அடிப்படைத் தன்மை' மாறுவதா, இல்லையா? ஒரு ஆபீஸில் ஆமாம் என்பார்கள், பக்கத்து மாவட்டத்தில் கண்டுகொள்ள மாட்டார்கள். சட்டம் தெளிவில்லாமல் இருக்கிற இடத்தில் யாருக்கு என்ன வருமானம் என்பது ஊரறிந்த விஷயம்.

வேடிக்கை, உயர்த்துகிறவர்களை யாரும் கேட்பதே இல்லை. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் திணிக்கிற ரப்பர் பஃபர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; பாதி டாக்சிகளில் பின்பக்கம் அது இருக்கும். ரப்பரைத் திணித்த சுற்று வேலை செய்யாது. ஒரு சுற்றை அறுத்தால் விறைப்புக்கு என்ன ஆகுமோ கிட்டத்தட்ட அதேதான் இங்கும் ஆகிறது. போதாக்குறைக்கு வண்டியின் பாரமையமும் மேலே ஏறுகிறது. உயரமான வண்டி பாதுகாப்பானது என்று நம் மனதில் எப்படியோ பதிந்துபோய்விட்டது, அதனால் அது குற்றமாகத் தெரிவதில்லை.

ஜெர்மனிக்காரன் இதை எப்படிச் சமாளிக்கிறான்? அங்கே ஸ்பிரிங் செய்கிறவர், எந்த மாடலுக்கு, எந்த ஆக்சில் பாரம் வரைக்கும், எந்த டயர் அளவோடு என்று குறிப்பிட்டு, டூஃப் போன்ற அமைப்பிடம் சோதனைக்குக் கொடுத்து ஒரு சான்று வாங்குகிறார். அந்தச் சான்றின் நகல் ஸ்பிரிங் பெட்டிக்குள்ளேயே வரும். வாங்கியவர் மாட்டி முடித்ததும் வண்டியைச் சோதனை அதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும். அவர் ஸ்பிரிங்கில் பொறித்த எண்ணைச் சான்றோடு ஒப்பிடுவார், டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார், எழுதிக் கையெழுத்துப் போடுவார். பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொண்டு சுற்றினால் வண்டியை ஓட்டுகிற அனுமதியே பறிபோகலாம். கெடுபிடி நம்மைவிட அதிகம்தான். ஆனால் நேர் வழி ஒன்று திறந்திருக்கிறது. அந்த வழி இருப்பதாலேயே அறுக்கிறவனுக்கு அங்கே சாக்கு கிடையாது.

இது நமக்குப் புது அச்சும் அல்ல. 52-வது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி என்று எரிபொருளை மாற்றுவதற்கான கிட்களை, அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் பொருத்திக்கொள்ளலாம், ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். பெட்ரோல் எஞ்சினையே கழற்றி வீசிவிட்டு பேட்டரி மோட்டார் வைப்பதற்கு ஏஐஎஸ்-123 என்று தரநிலையே எழுதி வைத்திருக்கிறார்கள். 200 பார் அழுத்தத்தில் கேஸ் நிரப்பிய சிலிண்டரை டிக்கிக்குள் வைத்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு போகலாம், அதற்குச் சான்று முறை இருக்கிறது. நாலு ஸ்பிரிங்குக்கு இருக்கக் கூடாதா? சோதனை செய்ய இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. புனேவில் ஏஆர்ஏஐ இருக்கிறது, மானேசரில் ஐகேட் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே வாகனச் சோதனைக்கென்று மத்திய அரசு கட்டிய ஜிஏஆர்சி இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ரோட்டோரத்தில் ஸ்பிரிங்கின் தரத்தை எப்படிப் பார்ப்பார் என்று ஒரு நண்பர் மடக்கினார். அவர் தரத்தைப் பார்க்க வேண்டாம். ஆர்சியில் இரண்டு எண் ஏறியிருந்தால் போதும்: ஸ்பிரிங்கில் பொறித்த அங்கீகார எண் ஒன்று, வீலின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்குமான உயரம் இன்னொன்று. ஒரு இஞ்சு டேப்பை வைத்து அளந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எண் இல்லாத வண்டிக்கும், எழுதியதைவிடத் தாழ்ந்து நிற்கிற வண்டிக்கும் இப்போதைய அபராதம் போதாது. இரட்டிப்பாக்கினாலும் நான் கை தட்டுவேன். அறுத்துக் கொடுத்த பட்டறைக்கும் சேர்த்துப் போடட்டும். இன்றைக்கு உரிமையாளர் மட்டும் மாட்டுகிறார், டார்ச் பிடித்தவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்.

சோதனைக்கு ஆகிற செலவு ஸ்பிரிங் விலையில்தான் வந்து விழும், அப்புறம் உன் தவணை கட்டுகிற பையன் எப்படி வாங்குவான் என்று கேட்டால், விழும் என்றுதான் சொல்வேன். ஒரு மாடலுக்கு ஒரு தடவை சோதனை. அந்தச் செலவு, விற்கிற செட்டுகளின் மேல் பிரிந்து விழும். ஸ்விஃப்ட் மாதிரி லட்சக்கணக்கில் ஓடுகிற வண்டிக்கு அது பெரிய சுமையாக இருக்காது. ரோட்டில் பத்து வண்டி ஓடுகிற மாடலுக்குச் சுமைதான், அந்த மாடல்காரர்கள் கம்பெனி உயரத்திலேயே இருந்துகொள்ளட்டும். விலை குறைய வேண்டும் என்றால் நம் ஊரில் செய்ய வேண்டும். செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கார்க் கம்பெனிகளுக்கு ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கிற தொழிற்சாலைகள் இந்தியாவில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே உருக்கு, அதே மெஷின். சட்டப்படி விற்க முடியாத சரக்குக்கு அவர்கள் எதற்கு அச்சு போடுவார்கள்?